சூரியனைப் பிடித்த மஞ்சள் கை

கவியரசன் என்று பெரிய பெயராக வைத்துவிட்டார்கள். ஆள் என்னவோ அம்மாவின் இடுப்பு உயரம்கூட இல்லை. வயது நான்கு. இதுவரை ஒரு கவிதையும் எழுதியதில்லை. 'அ' எழுதவே அவனுக்கு அரைப்பக்கம் வேண்டும்.

ஆனால் கேள்வி மட்டும் கேட்பான்.

"அக்கா, மேகத்துக்கு ஜிப் எங்க இருக்கு?"

"அக்கா, குழாய்க்குள்ள தண்ணி தூங்குதா?"

அக்கா கிருத்திகாவுக்குப் பத்து வயது. பத்து வயதில் இதற்கெல்லாம் பதில் தெரியாது. நாற்பது வயதிலும் தெரியாது என்பது அப்பாவைப் பார்த்தாலே தெரியும். "அம்மாவைக் கேளுடா" என்று சொல்லிவிட்டு அவர் பீன்யாவில் இருக்கும் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிடுவார். அம்மாவுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திவிட்டால், கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் உலகம் முழுவதும் கிருத்திகாவின் பொறுப்பு.

வேலூரிலிருந்து அவர்கள் பெங்களூருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. ரிச்சர்ட்ஸ் டவுனில் மரங்கள் அடர்ந்த ஒரு தெரு. கீழே வீட்டுக்கார ஃபிலோமினா ஆன்ட்டி. மாடியில் இவர்கள். அதற்கும் மேலே மொட்டை மாடி. அது இரண்டு வீட்டுக்கும் பொது. ஆன்ட்டியின் மகள் பவுலினும் கிருத்திகாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா மாதிரிதான்.

கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு விபத்து நடந்தது. கவியரசன் வர்ணப் பெட்டியைத் திறந்து, எல்லா வர்ணங்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டான்.

"ஏண்டா இப்படிப் பண்ண?"

"பாவம்கா. தனித்தனியா உக்காந்திருந்துச்சு. ஃப்ரெண்டாக்கி விட்டேன்."

பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் ஃப்ரெண்டாகி, கடைசியில் சேற்று நிறத்தில் ஒரே கட்டியாகக் கிடந்தன.

கிருத்திகா அழுதாள். அம்மா மீட்டிங்கின் நடுவே எட்டிப் பார்த்து, "சமையல் கட்டுல இல்லாத கலரா? போய் எடுத்துக்கோ. ஆனா பால்கனியை விட்டு வெளிய வரக்கூடாது. பேப்பர் விரிச்சுட்டுத்தான் பண்ணணும். சத்தம் மூச்!" என்று சொல்லிவிட்டு மறைந்தாள்.

அன்றிலிருந்து பால்கனியே வேறு உலகம் ஆகிவிட்டது.

சாம்பாருக்கு நறுக்கும்போது வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டித் தூக்கிப் போடுவார்களே, அதை பீட்ரூட் சாற்றில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தினால் ஐந்து இதழ்ப் பூ. ஃபில்டரில் மிஞ்சிய டிக்காஷனில் தூரிகையை நனைத்தால் மரத்தின் அடிமரம். கீரையைக் கசக்கினால் புல். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்தாலோ, அப்பா! கண் கூசும் வெயில்.

மத்தியானம் முழுக்க காற்று மெதுவாக வீசும். எதிர் மரத்து நிழல் அவர்கள் காகிதத்தின்மேல் வந்து ஆடும். கவியரசன் அந்த நிழலின் ஓரத்தைக் காப்பித் தண்ணீரால் வரைய ஆரம்பிப்பான். நிழல் நகர்ந்துவிடும். "நில்லு, நில்லு" என்று அவன் நிழலிடம் கெஞ்சுவான். கிருத்திகா சிரித்துக்கொண்டே வரைவாள். அந்த மத்தியானங்கள் முடியவே கூடாது என்று அவளுக்கு இருக்கும்.

ஒரே ஒரு குறை. பவுலின் வரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை. கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவத்தி என்று வீடே பரபரப்பாக இருந்தது.

"மம்மி ஆர்டர் போட்டுட்டாங்க," என்று கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னாள் பவுலின். "சண்டே வரைக்கும் கலர் பேடாவாம். மருதாணி பேடா. மாங்காகூட பேடா, பால் பட்டா கறை ஆகுமாம்."

கன்னடத்தில் 'பேடா' என்றால் வேண்டாம். பவுலின் வீட்டில் தமிழும் கன்னடமும் ஒரே தட்டில் சாப்பிடும்.

"டிரெஸ் ரெடியா?"

"நேத்துதான் தைச்சு முடிச்சாங்க. மம்மி அவங்க கல்யாணப் புடவையில இருந்த லேஸைப் பிரிச்சு எனக்கு வெச்சிருக்காங்க, கிருத்தி! சுத்தும்போது அப்படியே விரியுது." கீழே நின்றபடியே அவள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். போட்டிருந்தது பழைய பைஜாமாதான். ஆனாலும் கிருத்திகாவின் கண்ணுக்கு அந்த வெள்ளை உடுப்பு தெரிந்தது.

அந்த வாரம் கிருத்திகா வரைந்ததிலேயே அழகானது ஒரு சூரியன். காகிதம் கொள்ளாத பெரிய சூரியன், முழுக்க மஞ்சள்தூள். அதை ஹால் ஜன்னல் கண்ணாடியில் வெளியே பார்த்தபடி ஒட்டினாள். ஜன்னலுக்கு வெளியே கம்பியைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் மணி பிளான்ட் படர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை பார்த்தால், சூரியன் வெளுத்துப்போய்க் கிடக்கிறது! காய்ச்சல் வந்து எழுந்தவன் முகம் மாதிரி.

"கவீ!" என்று கத்தினாள் கிருத்திகா. பிறகு அம்மாவின் கதவு ஞாபகம் வந்து, மெதுவாகக் கத்தினாள். "நீதானே இதை ஈரத் துணியால துடைச்சே?"

"நான் இல்லக்கா."

"வேற யாரு? வர்ணப் பெட்டியையும் நீதான் கெடுத்தே. இதையும் நீதான் கெடுத்தே."

கவியரசன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே பார்த்தான். "சூரியன் எடுத்துட்டுப் போயிடுச்சுக்கா."

"புளுகுமூட்டை! போடா. உன்கூட நான் வரையவே மாட்டேன்."

அவன் உதடு பிதுங்கியது. அழவில்லை. பால்கனியில் குழைத்து வைத்திருந்த மஞ்சள் கிண்ணத்தின் அருகே போய் உட்கார்ந்துகொண்டான். கிருத்திகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு கோபம்.

ஃபிலோமினா ஆன்ட்டி கோயில் அலங்காரத்துக்குப் பூ வாங்கப் போகும்போது பவுலினை மாடியில் விட்டுவிட்டுப் போனார். பவுலின் ஹாலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மறுநாள் சொல்லவேண்டிய செபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சனிக்கிழமையிலும் மீட்டிங். வீடு அமைதியாக இருந்தது.

ரொம்ப அமைதியாக இருந்தது. கவியரசன் இருக்கும் வீட்டில் அப்படி ஓர் அமைதி நல்லதற்கில்லை.

கிருத்திகா பால்கனிக்கு ஓடினாள். மஞ்சள் கிண்ணம் இருந்தது. அவன் இல்லை. பேப்பரிலிருந்து மஞ்சள் சொட்டுகள் கிளம்பி, சமையலறை வழியாகப் போய், வாசலைத் தாண்டி, மொட்டை மாடிப் படியில் ஏறியிருந்தன.

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவினாள்.

மொட்டை மாடியில் காற்று பலமாக அடித்தது. கொடியில் ஒரே ஒரு துணி. பவுலினின் புதுநன்மை உடுப்பு. ஆன்ட்டி புதுத் துணியின் கஞ்சி போக அலசிக் காயப்போட்டுவிட்டுப் போயிருந்தார். அது காற்றில் உப்பி, ஆளே இல்லாமல் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அதன் முன்னால் கவியரசன் நின்றிருந்தான். உடுப்பின் இடுப்புக்குக் கீழே, பளிச்சென்று, ஐந்து விரலும் பதிந்த ஒரு மஞ்சள் கை.

"அய்யய்யோ! என்னடா பண்ண?"

"சூரியனைப் பிடிச்சேன்கா. உன் மஞ்சளைத் திருப்பிக் கேக்கலாம்னு வந்தேன். அது இதுக்குப் பின்னாடி ஓடி ஒளிஞ்சுகிச்சு. கபால்னு பிடிச்சேன். தப்பிச்சுருச்சு."

அவன் சொல்வது உண்மைதான். சூரியன் உடுப்புக்குப் பின்னால்தான் இருந்தது. மெல்லிய துணி வழியாகத் தகதகவென்று தெரிந்தது.

கிருத்திகா உடுப்பை எட்டிப் பிடித்துப் பார்த்தாள். நாளை காலை பூசை. இன்று சாயங்காலம் ஆன்ட்டி இஸ்திரி போடுவார். கல்யாணப் புடவை லேஸ்! அது போனால் இன்னொன்று எங்கே போய் வாங்குவது?

கறை என்றால் எல்லார் வீட்டிலும் என்ன செய்வார்கள்? அதையே அவளும் செய்தாள். மாடிக் குழாயடியில் கிடந்த துணி சோப்பை எடுத்து, கறையை நனைத்து, அழுத்தித் தேய்த்தாள்.

மஞ்சள் கை சட்டென்று சிவந்தது.

ரத்தச் சிவப்பு. கிருத்திகா சோப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஐ! மேஜிக்!" என்றான் கவியரசன்.

"வாயை மூடுடா!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கவியரசன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மடிச்சு ஒளிச்சு வெச்சுடலாமா அக்கா? காத்துல பறந்துபோச்சுன்னு சொல்லிடலாம்," என்றான்.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், கிருத்திகா அதை யோசித்துப் பார்த்தாள். காற்றும் நன்றாகத்தான் அடித்தது. யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் முற்றத்தில் பைஜாமாவோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாளே, அந்த முகம் கண்முன் வந்து நின்றது.

அவள் படிக்கட்டில் குனிந்து கூப்பிட்டாள். "பவுலின்! மேல வா. ஒரு கெட்ட விஷயம் நடந்துபோச்சு."

பவுலின் வந்தாள். பார்த்தாள். கத்துவாள் என்று கிருத்திகா காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. தண்ணீர்த் தொட்டி மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு எல்லாரும் வெள்ளையா நிப்பாங்க," என்றாள். "என் மேல மட்டும் ஒரு கை இருக்கும்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். கவியரசனும் சேர்ந்து அழுதான். அவனுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது.

"இரு, இரு. எலுமிச்சம்பழம் இருக்கான்னு பாக்குறேன்," என்று கிருத்திகா கீழே ஓடினாள். எலுமிச்சையை வைத்து என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது. ஏதாவது செய்யவேண்டும், அவ்வளவுதான்.

ஹாலைக் கடக்கும்போது ஜன்னல் படம் கண்ணில் பட்டது. நின்றுவிட்டாள்.

காலையில் கோபத்தில் அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. படத்தின் நடுவில் ஓரிடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. அன்று குழைத்துப் பூசியது மாதிரி பளிச்சென்ற மஞ்சள். அதற்கு ஒரு வடிவம் இருந்தது. இதயம் மாதிரி, நுனி கூராக. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு மணி பிளான்டின் ஒரு பெரிய இலை. அதே வடிவம். அதே இடம்.

இலை மறைத்த இடத்தில் மஞ்சள் இருக்கிறது. வெயில் பட்ட இடத்தில் இல்லை.

"சூரியன் எடுத்துட்டுப் போயிடுச்சுக்கா." அவன் காலையிலேயே சொன்னான். புளுகுமூட்டை என்று இவள்தான் திட்டினாள்.

கிருத்திகா மறுபடியும் மேலே ஓடினாள். இந்தத் தடவை மூன்று மூன்று படியாக.

"கவீ, நீ சொன்னது சரிடா! சூரியன்தான் எடுத்துச்சு. நான்தான் உன்னை வீணா திட்டிட்டேன். சாரிடா செல்லம்."

கவியரசன் மூக்கை உறிஞ்சினான். "நான்தான் சொன்னேன்ல."

"பவுலின், அழாத. இந்தக் கையையும் சூரியனையே எடுத்துக்கச் சொல்லலாம்!"

பவுலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனக்கும் உன் தம்பி மாதிரி ஆயிடுச்சா?"

கிருத்திகா இலையைப் பற்றிச் சொன்னாள். பவுலின் யோசித்தாள். "சரி. ஆனா இது மஞ்சள் இல்லையே, சிவப்பு."

அதற்கும் கிருத்திகாவிடம் பதில் இருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அம்மா ஆரத்தி கரைத்தாள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் குப்பென்று சிவந்தது. சோப்பும் அந்தச் சுண்ணாம்பு வேலையைத்தான் செய்திருக்கவேண்டும். அப்படியானால் சோப்பு போனால் சிவப்பும் போகும்.

இருவரும் குழாயடியில் உட்கார்ந்து அலசினார்கள். கவியரசனை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவன் கை இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார்கள். சிவப்பு மெல்ல மெல்லத் தளர்ந்து, ஆரஞ்சாகி, கடைசியில் பழைய மஞ்சள் கை திரும்பி வந்தது. ஒரு கறையைத் திரும்பப் பார்த்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஈரத்தோடு உடுப்பைக் கொடியில் போட்டார்கள். கை பதிந்த பக்கத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினார்கள். பிறகு அண்ணாந்து பார்த்தார்கள்.

பெங்களூரு வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அது வேலூர் வெயில் இல்லை. வேலூர் வெயில் காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கும். பெங்களூரு வெயில் எட்டிப் பார்க்கும், ஒளியும், மறுபடி எட்டிப் பார்க்கும். மே மாதம் என்றால் மத்தியானத்துக்கு மேல் மழையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

சொல்லி வைத்த மாதிரி ஒரு மேகம் வந்தது. மாடி முழுக்க நிழல்.

"மழை வருமா, போயிடுமா?" என்று முனகினாள் பவுலின்.

"மழையெல்லாம் வராதுடி குழந்தே!" என்று பக்கத்து மாடியிலிருந்து ஒரு குரல். ஆராவமுதன் அங்கிள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, மாடியில் நடப்பது. இன்னொன்று, வானிலை சொல்வது. "நான் சொல்றேன் பார். இன்னிக்குப் பொட்டுத் தூறல் கிடையாது."

அவர் சொல்லி முடிக்கவில்லை. கிருத்திகாவின் மூக்கில் ஒரு துளி விழுந்தது.

உடுப்பைச் சுருட்டிக்கொண்டு படிக்கட்டுக்குள் ஓடினார்கள். தூறல் நின்றதும் வெளியே வந்தார்கள். சூரியன் இடம் மாறியிருந்தது. கொடியின்மேல் மரத்து நிழல் விழுந்தது. கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு வெயில். பவுலின் கழுத்துப் பக்கம் பிடித்துக்கொள்ள, கிருத்திகா கீழ்ப் பக்கம் பிடித்துக்கொள்ள, உடுப்பை அந்த வெயிலில் ஏந்திக்கொண்டு நின்றார்கள். வெயில் நகர்ந்தது. அவர்களும் நகர்ந்தார்கள்.

"இங்க வந்துடுச்சு அக்கா! இங்க!" கவியரசன்தான் முன்னால் ஓடி வெயிலைக் கண்டுபிடித்தான். அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, "போகாத, இரு, அக்கா வர்றாங்க," என்று அதனிடம் சொல்வான்.

தொட்டிக்கு மேலே கொஞ்ச நேரம். துளசித் தொட்டி ஓரம் கொஞ்ச நேரம். உடுப்பு காய்ந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். பவுலினுக்கு அழுகை நின்று, சிரிப்புக்கூட வந்துவிட்டது. காற்று உடுப்பை ஊதும்போதெல்லாம் நடுவில் யாரோ ஒரு பெண் நிற்பது மாதிரி இருந்தது. கவியரசன் அவளுக்கு மேகலா என்று பெயர் வைத்தான். மேகலாவுக்கு வெயில் காட்டுகிறோம் என்று பாடிக்கொண்டே சுற்றி வந்தான்.

"மஞ்சள் குறையுதா, கிருத்தி?"

"எனக்குத் தெரியல. பாத்துக்கிட்டே இருந்தா தெரியாது. கண்ணை மூடிட்டுத் திற."

மூடித் திறந்தார்கள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

மத்தியானம் அம்மா மீட்டிங் முடிந்து தேடிக்கொண்டு மேலே வந்தாள். கிருத்திகா நடந்ததை எல்லாம் சொன்னாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! சரி, ஆன்ட்டி வந்ததும் நான் பேசிக்கிறேன்."

"வேணாம்மா. கவி எனக்காகத்தான் மேல வந்தான். நானே சொல்றேன்."

அம்மா அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, "சரி, முதல்ல சாப்பிடுங்க," என்றாள். தயிர்சாதம் மாடிக்கே வந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேற்கே கறுப்பாக ஒரு பெரிய மேகம் கிளம்பியது. இது தூறல் மேகம் இல்லை.

"வராது, வராது," என்றார் ஆராவமுதன் அங்கிள், தன் மாடியில் நடந்துகொண்டே. "இது அப்படியே ஹெப்பால் பக்கம் போயிடும்."

கிருத்திகாவும் பவுலினும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை.

"அங்கிள்! ப்ளீஸ் அங்கிள்! மழை வரும்னு சொல்லுங்க!"

"ஏன்? நான் சொன்னா அப்படியே நடக்குமே!"

"அதனாலதான் அங்கிள்!"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கைத்தடியை வானத்தைப் பார்த்து நீட்டினார். "மழை வரும்! கொட்டப்போறது, பாரு!"

மேகம் அப்படியே ஹெப்பால் பக்கம் போய்விட்டது. பின்னாலேயே சூரியன், குளித்துவிட்டு வந்த மாதிரி, சுள்ளென்று வந்தது. இதற்கு நான் என்ன விளக்கம் சொல்ல? நடந்தது இதுதான்.

ஃபிலோமினா ஆன்ட்டி வீடு திரும்பும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மூவரும் படி இறங்கி வந்தார்கள். உடுப்பைக் கிருத்திகா இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள்.

"ஆன்ட்டி, டிரெஸ்ல மஞ்சள் கறை பட்டுடுச்சு. கவி பிடிச்சுட்டான். நான் திட்டினதாலதான் அவன் மேல போனான். நான் சோப்பு போட்டு இன்னும் கெடுத்துட்டேன். அப்புறம் வெயில்ல காட்டினோம். ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி." ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தேவ தாயே! கொடு இங்க!"

ஆன்ட்டி உடுப்பைப் பிடுங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். லேஸைத் தடவிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எங்கே?"

கிருத்திகா கண்ணைத் திறந்தாள்.

கை இல்லை. நிஜமாகவே இல்லை. தேடித் தேடிப் பார்த்த பிறகு, இடுப்புச் சுருக்கத்தின் மடிப்பில் வெயில் படாமல் தப்பித்துக்கொண்ட ஒரு கட்டைவிரல் மட்டும் இருந்தது. ஒரு கடலைப் பருப்பு அளவு மஞ்சள்.

ஆன்ட்டி கவியரசன் பக்கம் திரும்பினார். "நீ தனியாவா மொட்டை மாடிக்குப் போன?"

அவன் தலையாட்டினான்.

"துணி கிடக்குது கழுதை! நீ சுவர்ல கிவர்ல ஏறி விழுந்திருந்தா? இனிமே அக்கா இல்லாம படியில கால் வைப்பியா?"

"மாட்டேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "சூரியன் கூப்பிட்டா?" என்றான்.

"சூரியனைக் கீழ வரச் சொல்லு!" என்றார் ஆன்ட்டி. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் கவியரசனின் மூக்கைத் துடைத்துவிட்டார். "சரி விடு. காலைல சீக்கிரம் எந்திரிச்சு இந்த விரலையும் வெயில்ல காட்டிடலாம்."

"பேடா மம்மி," என்றாள் பவுலின். "அது இருக்கட்டும்."

"ஏண்டி?"

"இருக்கட்டும். ரிப்பன் கட்டினா தெரியாது."

மறுநாள் காலை பவுலின் வெள்ளையாக வாசல்படி இறங்கினாள். முக்காடு காற்றில் பறந்தது. தெருவே அவளைப் பார்த்தது. கிருத்திகாவைக் கடக்கும்போது அவள் ரிப்பனின் முடிச்சை ஒரு விரலால் லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு மூடிக்கொண்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, கேக் வெட்டி முடிந்த கையோடு, பவுலின் பழைய பைஜாமாவுக்கு மாறி மாடிக்கு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு கையையும் மஞ்சள் கிண்ணத்தில் முக்கினாள்.

"அப்பாடா! இப்பதான் எனக்கு ஜென்மம் சாபல்யம்!"

கிருத்திகா ஒரு பெரிய காகிதம் முழுக்க மஞ்சள் பூசினாள். அன்று வரைவது அவர்கள் இல்லை, சூரியன். காகிதத்தின்மேல் எதை வைத்தாலும் அது அப்படியே மஞ்சளாக மிஞ்சும். பவுலின் வேப்பங்கொத்து வைத்தாள். கிருத்திகா வளையல் வைத்தாள். கவியரசன் தன் கையை வைத்தான்.

"சாயங்காலம் வரைக்கும் ஆடாம இருக்கணும்டா."

"இருப்பேன்."

இருந்தான், மூன்று முறை மூச்சு விடும் வரைக்கும். அதற்குள் கால் அரித்தது. பிறகு முதுகு அரித்தது. பவுலின்தான் கேக் வந்த அட்டைப் பெட்டியில் அவன் கையை வைத்து ஓரம் வரைந்து, வெட்டி எடுத்தாள். அந்த அட்டைக் கை அவனுக்குப் பதிலாகச் சாயங்காலம் வரைக்கும் ஆடாமல் வெயிலில் கிடந்தது. பக்கத்து மாடியில் ஆராவமுதன் அங்கிள், யாரும் கேட்காமலே, "மழை கொட்டப்போறது!" என்று கத்திக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

அட்டையை எடுத்தபோது, வெளுத்த காகிதத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கை இருந்தது. பக்கத்தில் ஒரு வேப்பங்கொத்து, ஒரு வளையம்.

கவியரசன் அதைக் கொண்டுபோய் ஜன்னலில் ஒட்டச் சொன்னான். பழைய சூரியன் இருந்த அதே இடத்தில்.

"அங்க வேணாம்டா," என்றாள் கிருத்திகா. "வெயில் படும். நாலு நாள்ல உன் கையையும் சூரியன் எடுத்துட்டுப் போயிடும்."

கவியரசன் ஜன்னலுக்கு வெளியே, மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எடுத்துக்கட்டும்கா," என்றான். "பாவம், அதுக்குத்தான் கையே இல்லையே."